மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்டு 31, 1870 - மே 6, 1952) இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். மாண்ட்டிசோரி கல்வி முறையை உருவாக்கியவர். 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்த இவர், இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சிறு குழந்தைகள் மொழியை எவ்வாறு பெறுகின்றனர் என்பது குறித்த இவரது கருத்துகள் இக்காலத்தில் விரிவு பெற்றன.

இளமையும் தொடக்கப் பணிகளும்

இத்தாலியின் கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் இவரும் ஒருவர். 1898-இல் இவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தார். மணம் புரியாத நிலையில் பிறந்தமையால் அம்மகன் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். ஏறத்தாழ 15 வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார்.

சனவரி 6, 1907 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகக் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கினார். குழந்தைகள் தாமே தேர்ந்தெடுத்த கருவிகளைக் கையாண்டு கற்பதே இதன் அடிப்படையாகும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்ட எழுத்துகளை விரலால் தடவியபடியே அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகும் முறை இங்கு உருவானது.

நாடு விட்டு நாடு

1910-களின் நடுப்பகுதியிலிருந்து 1936 வரை பார்சிலோனா நகரம் இவரது பணிகளின் மையமாக இருந்தது. மரியோ ஓர் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். இத்தாலிய, அமெரிக்க மரபினரான பேரப்பிள்ளைகள் ஸ்பெயினில் வளர்ந்தனர். 1934-இல் முசோலினி ஆட்சியுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் இத்தாலியில் மாண்ட்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் குடும்பம் நெதர்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. பேரப்பிள்ளைகள் மீண்டும் ஒரு புதிய மொழியில் கல்வியைத் தொடர வேண்டியதாயிற்று.

அடையாறு வாழ்க்கை

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939-இல் மரியாவும் மரியோவும் சென்னை வந்தனர். அபிராமபுரத்துக்குத் தெற்கே, அடையாறு ஆற்றின் தென்கரையில் உள்ள சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300-க்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தனர். மரியா இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். தத்தம் தாய்மொழிகளில் கற்பிக்கவிருந்த ஆசிரியர்கள் அதனைக் கேட்டனர்.

சூன் 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டுக் குடிமக்களாகக் கருதப்பட்டனர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 31, 1940 அன்று, தாயின் 70-ஆம் பிறந்த நாளில், மரியோ விடுவிக்கப்பட்டார். எனினும் நெதர்லாந்தில் இருந்த பேரப்பிள்ளைகளைப் போர் முடியும் வரை இருவரும் காண இயலவில்லை.

பின்னர்க் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, இந்தியக் குழந்தைகளும் வெளிநாட்டவரின் குழந்தைகளும் வயது வேறுபாடின்றி ஒருங்கே பயின்ற சிறு பள்ளியில் இவரது ஆய்வுகள் தொடர்ந்தன. அகமதாபாத், இலங்கை முதலிய இடங்களிலும் பயிற்சிகள் நடைபெற்றன. இக்காலத்தில் 1000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர்.

மொழி பற்றிய கருத்து

இவரது பயிற்சி உரைகளின் அடிப்படையில் அமைந்த 'தி அப்சார்பண்ட் மைண்ட்' என்னும் நூல் 1949-இல் அடையாறிலிருந்து வெளிவந்தது. பிறப்பு முதல் ஏறத்தாழ 6 வயது வரை குழந்தையின் மனம் சூழலில் உள்ளவற்றை முயற்சியின்றியே தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது என்பது இந்நூலின் மையக் கருத்தாகும். பெரியவர் இலக்கணத்தையும் சொற்களையும் உழைத்துக் கற்க, குழந்தையோ அவற்றை ஒலிப்பு நுட்பத்துடன் தானே பெற்றுவிடுகிறது. இக்கருத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இயல்பாகப் பேசப்படும் வீட்டில் வளரும் குழந்தைக்கு அது சுமையன்று. அம்மொழிகளைப் பேசுவோருடன் நாள்தோறும் பழகும் வாய்ப்பே அதற்குத் தேவை. மனப்பாடப் பயிற்சி அந்த வாய்ப்புக்கு ஈடாகாது.

எழுதக் கற்பிப்பதில் ஒவ்வொரு மொழிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். இத்தாலிய மொழியில் ஒலிகளின் வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிச் சொல்லை அமைக்கலாம். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. 'கெ' என்பதில் மெய்யொலிக்குப் பின் வரும் உயிரின் குறி மெய்க்கு முன் நிற்கிறது. 'கொ' என்பதில் இருபுறமும் நிற்கிறது. எனவே ஐரோப்பிய எழுத்துக் கருவிகளை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்த இயலாது.

இறுதிக் காலம்

1946-இல் ஐரோப்பா திரும்பிய மரியா, 1947-இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். மே 6, 1952 அன்று நெதர்லாந்தின் நூர்ட்வைக் நகரில் காலமானார். அவர் மறைவுக்குப் பின் இந்தியப் பயிற்சிப் பணியை ஆல்பர்ட் யோஸ்டன் தொடர்ந்தார்.

தமிழ்நாட்டில் மாண்ட்டிசோரியின் பெயரைத் தாங்கிய மழலையர் பள்ளிகள் பல உள்ளன. அவை அனைத்தும் அவரது முறையைப் பின்பற்றுவன அல்ல. பெயரளவில் மாண்ட்டிசோரி பள்ளியாக இருந்து, வீட்டு மொழியை விலக்கி ஆங்கிலத்தை மட்டும் மனப்பாடமாகப் புகட்டுவது இவரது கருத்துக்கு முரணானதாகும்.