மூணு மஞ்சள் ஜெர்சியும் ஒரு சீழ்க்கட்டியும்

சைக்கிள் வாங்கப் போகிற யாரையாவது கவனிச்சுப் பாருங்க. கியர் எத்தனை, டிஸ்க் பிரேக்கா, ஃபிரேம் அலுமினியமா, டயர் எவ்வளவு அகலம்னு எல்லாம் கேட்பாங்க. சீட்டைப் பத்தி ஒரு கேள்வி வராது. கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, மெத்துனு இருந்தா சரின்னு முடிச்சுடுவாங்க. மண் ரோட்டுல, ஜல்லி ரோட்டுல நாப்பது கிலோமீட்டர் ஓட்டினதுக்கு அப்புறம்தான் அந்த அமுக்குதல் எவ்வளவு பெரிய பொய்னு தெரியும்.

இந்தக் கட்டுரை லூயிசன் போபே பற்றியது. பிரான்சில் ஒரு காலத்தில் இவர் பெயர் தெரியாத வீடு கிடையாது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்த முதல் மனிதர் இவர்தான்: 1953, 1954, 1955. அந்த மூன்றாவது வெற்றிக்கு அவர் கொடுத்த விலை கால்களிலும் இல்லை, நுரையீரலிலும் இல்லை. சீட்டில் உட்காரும் இடத்தில் கொடுத்தார்.

1925 மார்ச் 12-ல் பிரிட்டனி பகுதியில் சென்-மேயன்-லெ-கிரான் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ரொட்டிக்கடைக்காரர். அவர் பெயரும் லூயி, மகன் பெயரும் லூயி. அதனால் சின்ன லூயி என்ற அர்த்தத்தில் லூயிசன் என்று கூப்பிட்டு, அதுவே கடைசி வரை நிலைத்துவிட்டது. சின்ன வயதில் சைக்கிளை விட டேபிள் டென்னிசில்தான் பெயர் வாங்கினார். பிரிட்டனி சாம்பியன் அளவுக்கு ஆடியவர். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான ரகசிய இயக்கத்துக்குத் தகவல் கொண்டுபோனார், பிறகு ராணுவத்தில் சேர்ந்தார், 1945 கடைசியில் வெளியே வந்தார். 1947-ல் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனார்.

அந்த வருடமே முதல் டூர். ஆல்ப்ஸ் மலையில் தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் இறங்கிவிட்டார், அழுதும்விட்டார். கூட ஓட்டினவர்கள் சும்மா விடுவார்களா? அழுமூஞ்சி என்று பட்டப்பெயர் கட்டிவிட்டார்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். சின்னதாக வலித்தாலே முகத்தில் தெரிந்துவிடும் ஆள் என்றுதான் அவரைப் பற்றி எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு குணமும் இருந்தது. சுத்தம். ரொம்ப ரொம்ப சுத்தம். முதன்முறை மஞ்சள் ஜெர்சி கிடைத்தபோது அதைப் போட மாட்டேன் என்று அடம்பிடித்த கதையை, டூரை நடத்திய ழாக் கோதே பின்னாளில் சொல்லியிருக்கிறார். செயற்கை இழை செய்யும் ஒரு நிறுவனம் அப்போது ஸ்பான்சர். ஜெர்சியில் அந்த இழையும் கலந்திருந்தது. வியர்வையும் தூசியும் சேரும்போது அந்தத் துணி உடம்புக்கு ஆகாது, சுத்தமான கம்பளி நூல்தான் வேணும் என்பது போபேயின் வாதம். நடத்துபவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பளியில் வேறொன்று செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. பந்தா பண்றான்னு அன்றைக்குப் பலர் சிரித்திருப்பார்கள். தோலில் என்ன உரசுகிறது என்பதைப் பற்றி அவ்வளவு யோசித்த மனுஷனுக்குத்தான் பிற்பாடு அந்தக் கதி வந்தது.

1953-ல் எல்லாம் கூடி வந்தது. இசோவார் கணவாய், 2,360 மீட்டர் உயரம். இன்றைக்கு அங்கே தார் ரோடு. அன்று உதிரிக் கல்லும் மண்ணும்தான். இன்று நாம் கிராவல் ரைடிங் என்று தனிப் பெயர் வைத்து, தனி சைக்கிள் விற்று, தனி டயர் வாங்கிச் செய்வதை அந்தக் காலத்தில் சும்மா சைக்கிள் பந்தயம் என்றே சொன்னார்கள். மரமே இல்லாத, பாறை துருத்திக்கொண்டு நிற்கும் காஸ் தெசெர்த் என்ற சரிவில் போபே தனியாக முன்னால் போனார். அந்த வருடம் டூரில் கலந்துகொள்ளாத இத்தாலிய மேதை ஃபௌஸ்டோ கோப்பி, கேமராவோடு ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாரிஸ் வந்து சேரும்போது இரண்டாவது ஆளான ழான் மாலெஜாக்கை விட 14 நிமிடத்துக்கு மேல் முன்னிலை. அடுத்த வருடம் மறுபடி டூர், கூடவே ஜெர்மனியின் சோலிங்கனில் உலக சாம்பியன் பட்டம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவர்கள் எதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்துவிடலாம். அந்தக் காலத்து ரேஸ் சீட்டில் ஸ்பாஞ்சும் கிடையாது, ஜெல்லும் கிடையாது. கெட்டித் தோல் ஒன்றை முன்னும் பின்னும் இழுத்து, அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். நம்ம கயிற்றுக் கட்டில் வேலை செய்கிற மாதிரிதான்: தாங்குவது பஞ்சு இல்லை, இழுவிசை. புதுசில் பலகை மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடின பிறகு, உட்காருபவரின் எலும்பு படுகிற இடத்தில் மட்டும் லேசாகக் குழிந்து அவருக்கே உரியதாக ஆகிவிடும். அதனால் சைக்கிளை மாற்றினாலும் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் இருந்தது.

நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். அவை இரண்டும் சீட்டின் பின்பக்க அகலத்தில் சரியாக உட்கார வேண்டும். சீட் குறுகலாக இருந்தால் எலும்பு ஓரத்தில் வழுக்கி, எடை நடுவில் இருக்கும் மென்மையான சதையில் இறங்கும். அங்கேதான் நரம்பும் ரத்தக்குழாயும் போகிறது. சரி, அப்ப மெத்துனு ஒரு ஜெல் கவர் போட்டுட்டா? அதுதான் வேடிக்கை. எலும்பு ஸ்பாஞ்சுக்குள் புதைந்துவிடும், புதைந்த அளவுக்கு நடுப்பகுதி மேலே எழும்பி அதே மென்மையான இடத்தை அழுத்தும். கடையில் ஐந்து நிமிடம் சொர்க்கம், ரோட்டில் இரண்டு மணி நேரம் கழித்து மரத்துப்போகும்.

அகலம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பார்சல் வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்து, கெட்டியான ஸ்டூல் மேல் போட்டு, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி முன்னால் சாய்ந்து உட்காருங்க. எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் மையத்துக்கு மையம் அளந்து, அதோடு இரண்டு சென்டிமீட்டர் போல சேர்த்தால் தேவையான சீட் அகலம் கிட்டத்தட்ட வந்துவிடும். நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும், ரேஸ்காரர்கள் மாதிரி குனிபவர்களுக்குக் குறைவாகப் போதும், ஏனென்றால் இடுப்பு முன்னால் சாயச் சாய எலும்பு படும் இடம் குறுகிக்கொண்டே வரும்.

ஜல்லி ரோட்டில் ஒரு கூடுதல் சிக்கல். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து சறுக்கும். அதனால் உட்கார்ந்தபடியேதான் ஏற வேண்டும். தார் ரோட்டில் எழுந்து நின்று அவ்வப்போது ஓய்வு கொடுக்கிற இடத்துக்கு இங்கே ஓய்வே கிடைக்காது. அதிர்வைக் குறைக்க சீட்டில் பஞ்சு சேர்ப்பதை விட டயர் காற்றைக் கொஞ்சம் குறைப்பது அதிகம் உதவும். அதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வருது என்பது வேறு விஷயம்.

இனி உராய்வு. சீட் தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். தோல் துணியோடு உரசும். வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும், மயிர்க்கால் வழியே கிருமி உள்ளே போகும், சின்னப் பரு ஒன்று வரும். வீட்டில் இருந்தால் நாலு நாளில் ஆறிவிடும். டூரில் மறுநாள் காலை அதன் மேலேயே உட்கார்ந்து இன்னொரு 200 கிலோமீட்டர் போக வேண்டும்.

1955 டூர் கிட்டத்தட்ட 4,500 கிலோமீட்டர். போபே சீட்டில் இருந்தது 130 மணி நேரத்துக்கு மேல். நிமிடத்துக்கு 80 சுற்று என்று கணக்குப் போட்டு, மிதிக்காமல் இறங்கிய நேரத்தைத் தாராளமாகக் கழித்தாலும் ஐந்து லட்சம் சுற்று வரும். ஐந்து லட்சம் தடவை அதே இடத்தில் உரசல். கட்டி பழுத்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அணியில் தம்பி ழானும் கூடவே ஓட்டினார். அண்ணன் என்ன நிலையில் இருக்கிறார் என்பது பக்கத்திலிருந்த அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

ஜூலை 18. மார்செயில் இருந்து அவின்யோன். நடுவில் மோன் வான்தூ என்ற மொட்டை மலை. அன்றைய வெயில் சைக்கிள் உலகில் இன்னும் பேசப்படுகிறது. 1953-ல் இரண்டாவது வந்த அதே மாலெஜாக் ஏற்றத்தில் சுயநினைவு இழந்து விழுந்தார். சுவிட்சர்லாந்தின் பெர்டி கூப்ளர் அந்த மலைக்குப் பிறகு பந்தயத்தை விட்டே போனார். போபே தனியாக உச்சியைத் தாண்டி, அவின்யோனில் முதலாவதாக வந்தார். பிறகு பிரனீஸ் மலைகளில், தன் அணியைச் சேர்ந்த ரோலாவிடம் இருந்த மஞ்சள் ஜெர்சி இவரிடம் வந்தது. பாரிஸ் வரை விடவில்லை. அழுமூஞ்சி என்று சிரித்தவர்கள் என்ன சொன்னார்களோ தெரியாது.

பந்தயம் முடிந்து அறுவை சிகிச்சை. உள்ளே சதை அழுகி ஓட்டை ஓட்டையாக இருந்தது. முக்கிய உறுப்புகளுக்குச் சில மில்லிமீட்டர் தூரம் வரை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. புற்றுநோயோ என்ற பயம் எல்லார் மனதிலும் ஓடியது, வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த டூரை அவ்வளவு வலியோடு முடித்ததில் தன்னிடமிருந்து ஏதோ ஒன்று நிரந்தரமாகப் போய்விட்டது, அதன் பிறகு தான் பழைய ஓட்டக்காரன் இல்லை என்று போபேயே நம்பினார்.

பத்திரிகைகள் இதை வீரம் என்று எழுதின. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனா கால் தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம், நுரையீரலைப் பலப்படுத்தலாம், அந்தத் தோலை எந்தப் பயிற்சியும் பலப்படுத்தாது. வலியைத் தாங்கப் பழகினால் சரியாகிடும் என்று நம்ம ஊர் ரைடு குரூப்பிலும் சொல்வார்கள். புதுசாக ஓட்டுபவருக்கு இருக்கை எலும்பில் வரும் வலி ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும், உண்மை. மரத்துப்போவதும், ஒரே இடத்தில் புண் வருவதும் வேறு சாதி. அவை அகலம், உயரம், சாய்வு இவற்றில் ஏதோ தப்பு என்று உடம்பு சொல்லும் ரிப்போர்ட். அதைக் கேட்டு நிறுத்துகிறவர் அழுமூஞ்சி கிடையாது.

ஆச்சரியம் என்னவென்றால், 1956-ல் அவர் ஜெயித்தது பாரிஸ்–ரூபே. கருங்கல் பாவிய, எலும்பை ஆட்டிவைக்கும் ரோடு. அறுவை சிகிச்சை முடிந்தவர் தேர்ந்தெடுக்கக் கூடிய பந்தயமா அது! ஆனால் டூரை அதன்பின் அவர் ஜெயிக்கவே இல்லை. 1957-ல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை வெறும் 19 விநாடியில் இழந்தார். அதன் பின்னால் ஒரு கூத்து இருக்கிறது. லக்சம்பர்க்கின் ஷார்லி கோல் சிறுநீர் கழிக்க நின்ற நேரம் பார்த்து போபேயும் மற்றவர்களும் வேகம் எடுத்துவிட்டார்கள். ஜெயிக்கிற நிலையில் இருந்த கோல் பின்தங்கிப் போனார். கடுப்பில் அவர் போபேயின் எதிராளி நென்சினிக்கு உதவி செய்து பழிதீர்த்துக்கொண்டார். 19 விநாடி அங்கேதான் போயிற்று.

1959 டூரில் ஆல்ப்சின் இசெரான் கணவாய், 2,700 மீட்டருக்கும் மேல். உடம்பு ஒத்துழைக்கவில்லை. அடிவாரத்திலேயே நின்றிருக்கலாம். உச்சி வரை ஏறிவிட்டு, அங்கே சைக்கிளை விட்டு இறங்கினார். அதுவே அவருடைய கடைசி டூர். சில காலத்தில் தம்பியோடு போன கார் விபத்துக்குள்ளாகி, ஓட்டக்காரர் வாழ்க்கையும் முடிந்தது.

காயத்துக்குக் கடல்நீர் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அது பிடித்துப்போய், பிரிட்டனி கடற்கரையில் கிபெரோன் என்ற ஊரில் 1964-ல் தானே ஒரு கடல்நீர் சிகிச்சை மையம் தொடங்கினார். தொழில் நன்றாக நடந்தது. ஜெர்சித் துணிக்கு அடம்பிடித்த அந்தச் சுத்தக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. 1983 மார்ச் 13, ஐம்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள், பியாரிட்ஸ் நகரில் புற்றுநோயால் இறந்தார். சொந்த ஊரில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. இசோவாரின் அந்தக் காஸ் தெசெர்த் பாறையில் கோப்பி முகமும் போபே முகமும் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள்.