டிரைப் துரையும் அவர்தம் படப்பெட்டியும்

வழிச்செல்வான் ஒருவனுக்கு முதற்கண் வேண்டுவது யாதெனின், உடன் கொண்டு செல்லத்தக்கது இது, விட்டுச் செல்லத்தக்கது இது எனப் பகுத்துணரும் அறிவேயாகும். பொருள் மிக உடையானுக்கு இவ்வறிவு ஓர் அணி. சிறுபொருள் உடையானுக்கோ இஃது இன்றியமையாத துணை.

சென்ற விடுமுறையில் கோவிற்பட்டியிலிருந்து கழுகுமலைக்குச் சென்று ஆங்குள்ள சிற்பங்களைப் படம் பிடித்து வருதல் வேண்டுமென்று நண்பர் ஒருவரும் யானும் விரும்பினோம். அதன்பொருட்டுப் படப்பெட்டியொன்று வாங்கக் கருதினோம். கடையில் அடுக்கப்பட்டிருந்த பெட்டிகளோ பல. எம் கையிலிருந்த பணமோ சிறிது. எதனை வாங்குவதென்று அறியாது மயங்கியிருந்த நாளில், நூல்நிலையத்தில் டிரைப் துரையின் வரலாறு எம் கண்ணிற்பட்டது. எம் மயக்கத்தைத் தீர்த்த அவ்வரலாற்றை மாணவ அன்பர்களும் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருங்க உரைக்கின்றேன்.

லின்னேயஸ் டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சார்ந்த டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பினியாரின் படையிற் சேர்ந்து, சென்னை மாகாணத்துச் சுதேசிக் காலாட்படையின் 12ஆம் பிரிவில் அலுவல் ஏற்றார். 1850ஆம் ஆண்டினை அடுத்து நெடுவிடுப்புப் பெற்றுத் தாய்நாடு சென்றிருந்தபோது, அக்காலத்தே புதிதாய்த் தோன்றி வளர்ந்துகொண்டிருந்த நிழற்படக் கலையைப் பயின்றார். 1853இல் இலண்டனில் நிறுவப்பட்ட நிழற்படக் கழகத்திலும் உறுப்பினரானார். 1854இல் பெங்களூருக்கு மீண்டபோது, போர்வீரரின் வாளோடு படப்பெட்டியும் அவருடன் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேளூர் என்னும் இடங்களிலுள்ள கோயில்களைப் படம் பிடித்தார். அப்படங்கள் 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியிற் பரிசு பெற்றன.

அவ்வாண்டிலேயே, பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஆர்தர் பேயர் தலைமையிற் சென்ற தூதுக்குழுவுடன் நிழற்படக்காரராய் அனுப்பப்பட்டார். மழைக்காலமும் உடல்நலக்குறைவும் அவரைத் தடுத்தன. ஆயினும் இருநூற்றுக்கு மேற்பட்ட மூலப்படங்களுடன் அவர் திரும்பினார். அவற்றுள் 120 படங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிற்கும் 50 படிகள் எடுக்கப்பட்டன. ஆறாயிரம் படிகள், ஒவ்வொன்றும் கையாலும் வெயிலாலும் ஆக்கப்பட்டவை! இவ்வுழைப்பின் பயனாக அவர் சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார்.

அரசாங்கம் இக்கலையை விரும்பியதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. கோயில்களையும் பழைய கட்டடங்களையும் ஓவியரைக் கொண்டு வரைவித்தல் பெருஞ்செலவும் நெடுங்காலமும் வேண்டுவது. நிழற்படம் விரைவும் சிக்கனமும் உடையது என்று கும்பினி இயக்குநர் சபையார் கருதினர். சிக்கனத்தின் பெயரால் உள்ளே வந்த இக்கலை பின்னர் எப்பெயரால் வெளியேறியது என்பதை நண்பர்கள் மேலே காண்பர்.

இனி அவர் கருவிகளைத் தேர்ந்த திறத்தை நோக்குவோம். அக்காலத்தே வெளியூர் செல்லும் நிழற்படக்காரர்க்கு இருவழிகள் இருந்தன. ஒன்று, கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசிப் படம் பிடித்தல். இம்முறையாற் கிடைக்கும் படம் மிகத் தெளிவானது. ஒளியும் சிறிது நேரமே வேண்டும். ஆனால், தகட்டிற் பூசிய ஈரம் புலருமுன், சில நிமிடங்களுக்குள்ளாகவே, படம் பிடித்துத் துலக்கியும் முடித்தல் வேண்டும். ஆதலின் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும், நீரும், மருந்துப் புட்டிகளும் உடன் செல்லுதல் வேண்டும். எம் நாட்டுக் கோடையில் ஈரம் எத்துணை விரைவிற் புலரும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. கண்ணாடியோ கனமானது, கரடுமுரடான வண்டிப்பாதையில் உடைவது.

மற்றொன்று, மெழுகூட்டிய தாளைப் பயன்படுத்தல். பிரெஞ்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை இது. நல்ல தாளை மெழுகில் தோய்த்து, உப்புக்களைப் பயிற்றி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் நனைத்து உலர்த்திவிடின், அதனைச் சில நாட்கள் வைத்திருந்து பயன்படுத்தலாம். படம் பிடித்தவுடன் துலக்குதலும் வேண்டா. தங்குமிடம் சேர்ந்தபின் செய்யலாம். தாள் இலேசானது, உடையாதது. ஆனால், ஒளி நெடுநேரம் வேண்டும். தாளின் நார் காரணமாகத் தெளிவும் சிறிது குறையும்.

மற்றொரு செய்தியையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். சிறுபடத்தைப் பெரிதாக்கிப் படியெடுக்கும் வசதி அந்நாளில் வழக்கிலில்லை. மூலப்படம் எவ்வளவோ, படியும் அவ்வளவே. ஓரடிக்கு மேற்பட்ட நீளமுள்ள படம் வேண்டின், அதனைக் கொள்ளும் பெரும்பெட்டியே வேண்டும். ஆகவே டிரைப் துரை பெரும்படங்களுக்கு மெழுகுத்தாளைக் கொண்டார். இரட்டைப் படமாகப் பார்க்கும் சிறுபடங்களுக்குக் கண்ணாடித் தகட்டைக் கொண்டார். எது சிறந்தது என்று பொதுப்பட வினவாது, எந்த வழிக்கு, எந்த வேலைக்கு எது ஏற்றது என்று வினவிய அறிவே இதில் விளங்குவதாகும்.

1857ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். தென்திசைக்கு அந்நாளில் இருப்புப்பாதை இல்லை. சாமான்கள் மாட்டுவண்டிகளிலே ஏற்றப்பட்டன. சேலம் பகுதியின் மலைக்கோட்டைகள், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என நாலரைத் திங்கள் அளவாக அப்பயணம் நிகழ்ந்தது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும், புதுமண்டபத்தையும், யானைமலையையும், நாம் விளக்குத்தூண் என வழங்கும் பிளாக்பர்ன் நினைவுத் தூணையும் படம் பிடித்தார். திருமலை நாயக்கர் அரண்மனையையும் பிடித்தார். ஆளுநர் நேப்பியர் காலத்தில் அவ்வரண்மனை பழுதுபார்க்கப்படுமுன் எவ்வாறு சிதைந்து கிடந்தது என்பதை இன்று அப்படங்களே காட்டுகின்றன. அப்படங்கள் பலவற்றில் மாந்தரைக் காண்டல் அரிது. தாள் ஒளியைப் பருகிய நெடுநேரத்தில், நடமாடியவரெல்லாம் சுவடின்றி மறைந்தனர். அசையாத கல்லே நிலைத்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிலும் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள் நெடுகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு படத்தில் அவை அடங்கா. டிரைப் துரை பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி வைத்துப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இச்செயல் பெரிதும் உவப்பளிப்பதாகும். அக்கல்வெட்டுக்களை அறிஞர் படித்து அச்சிட்டது பல்லாண்டு கழிந்த பின்னரேயாம்.

1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் படத்தொகுதிகள் வெளிவந்தன. அமராவதிச் சிற்பங்களையும் அவர் சென்னைப் பொருட்காட்சிச்சாலையிற் படம் பிடித்தார். ஆயினும் இடர் வேறொரு திசையிலிருந்து வந்தது. படப்பெட்டிக்கு ஒருமுறை கொடுத்த விலை அத்துடன் முடிந்தது. ஒவ்வொரு படிக்கும் தாளும், வெள்ளியுப்பும், படியின் நிறம் நிலைக்கச் சேர்க்கும் பொன்னுப்பும், வேலையாட்களின் கூலியும் மீண்டும் மீண்டும் வேண்டியிருந்தன. பயணம் முடிந்தபின்னும் செலவு முடியவில்லை.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அரசாங்கத்தின் கருவூலம் மெலிந்திருந்தது. 1859இல் சென்னை ஆளுநராய் வந்த சார்லஸ் திரெவெலியன் செலவுக் குறைப்பிற் கண்ணுங்கருத்துமாயிருந்தவர். இப்பணி அந்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று அவர் கருதினார். நிறுத்துமாறு ஆணை பிறந்தது. 1860இல் பணியகம் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே, வரி பற்றிய மாறுபாட்டால் திரெவெலியனும் பதவியினின்று திரும்ப அழைக்கப்பட்டார். டிரைப் துரையோ மீண்டும் படைவீரரானார். அதன்பின் அவர் பிடித்த படங்கள் மிகச் சிலவே. ஓய்வு பெற்றுப் பிறந்த ஊர் சேர்ந்து, 1902ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் காலமானார்.

திரெவெலியன்மீது பழி சுமத்துதல் என் கருத்தன்று. வறுமைக் காலத்தில் வீண்செலவை நீக்குதல் ஆள்வோர் கடமை. ஆனால், அவர் கணக்கில் செலவு எழுதப்பட்டிருந்தது, வரவு எழுதப்படவில்லை. 2014ஆம் ஆண்டு தொடங்கி வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் டிரைப் துரையின் படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவ்வரவு வந்து சேர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

கரிசற்பூமியிற் பிறந்த எனக்கோ மற்றொரு குறையும் தோன்றுகின்றது. டிரைப் துரையின் வண்டிகள் மதுரையோடு திரும்பிவிட்டன. அவர் தொகுதிகளிற் கோவிற்பட்டியில்லை, எட்டயபுரமில்லை, மேலிருந்து கீழாக ஒரே பாறையிற் குடைந்து, முற்றுப்பெறாமலே விடப்பட்ட கழுகுமலை வெட்டுவான் கோயிலும் இல்லை. அப்பணியகம் இன்னும் சில்லாண்டு நிலைத்திருப்பின் அவ்வண்டிகள் எம் கரிசற் பாதையிலும் வந்திருத்தல் கூடுமன்றோ! இருப்புப்பாதை வருமுன் எம் பாட்டனார்க்கும் பாட்டனார் கண்ட கரிசற்காடு எவ்வாறிருந்தது என்பதைக் காட்ட, அவர் கைப்படம் ஒன்றேனும் எமக்குக் கிடைத்திலது.

இவ்வரலாற்றைப் படித்தபின் நண்பரும் யானும் கடைக்கு மீண்டும் சென்றோம். கையிலிருந்த பணம் முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிடின், பயணத்திற்கும் படிக்கும் என் செய்வது? பாதிப் பணத்திற்குப் பிறர் பயன்படுத்திய சிறுபெட்டி ஒன்றினை, ஒரே கண்ணாடி வில்லையுடன் வாங்கினோம். கட்டடங்களுக்கு அசைவில்லை; ஆதலின் விரைவு மிக்க கருவி வேண்டா என்று துணிந்து, அதனைத் தாங்கி நிற்க முக்காலி ஒன்று கொண்டோம். எஞ்சியதைப் பேருந்துச் செலவிற்கும், தாளிற் படியெடுப்பதற்கும் வைத்துக்கொண்டோம். வெட்டுவான் கோயில்முன் முக்காலியை ஊன்றி நின்றபோது, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாமதித்த வண்டியொன்று இப்பொழுதுதான் வந்து சேர்ந்ததுபோன்ற உணர்ச்சி எம் உள்ளத்தில் எழுந்தது.

அன்பர்காள்! நும் ஊரிலும் இடிந்த மண்டபமும், எழுத்தழிந்த கல்லும், தூர்ந்த தெப்பக்குளமும் இருக்கும். விலைமிக்க கருவி வாய்க்கும்வரை காத்திராது, கைக்கெட்டிய கருவியுடன் இன்றே செல்மின்!