ஹேண்டிலுக்கு விடை கொடுத்தவர்

சாவியைத் திருப்பியதும் கார் 'விர்'ரென்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நூறு ஆண்டுகளுக்கு முன் காரைக் கிளப்புவது கையை உடைக்கும் வேலை! அதை மாற்றியவர் சார்லஸ் கெட்டரிங்.

1876 ஆகஸ்ட் 29-ந் தேதி, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறு வயதிலிருந்தே பார்வைக் கோளாறு. புத்தகத்தை எடுத்தாலே தலைவலி வந்துவிடும். ஆனாலும் படித்துக் கிராமப் பள்ளியில் ஆசிரியரானார். பிறகு கல்லூரியில் சேர்ந்தார். கண் தொல்லையால் படிப்பு பாதியில் நின்றது. அவர் சோர்ந்து போகவில்லை. தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலைக்குப் போனார். மீண்டும் கல்லூரிக்குத் திரும்பி, 1904-ல் மின்பொறியியல் பட்டம் பெற்றார்.

டேட்டன் நகரில், கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்த இயந்திரத்தைக் கையால் சுற்ற வேண்டும். கெட்டரிங் அதில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி, அந்த வேலையை எளிதாக்கினார். 1909-ல் நண்பர் எட்வர்ட் டீட்சுடன் சேர்ந்து 'டெல்கோ' கம்பெனியைத் தொடங்கினார். டீட்ஸ் வீட்டுக் கொட்டகைதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம்!

அந்தக் காலத்தில் காரின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி, பலமாகச் சுற்றினால்தான் என்ஜின் கிளம்பும். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அப்போது ஹேண்டில் திரும்பி அடித்து, மணிக்கட்டு முறியும். உதவப்போன ஒருவர் அப்படி அடிபட்டு, பிறகு இறந்ததாகவும் சொல்வார்கள். இதற்கு ஒரு வழி காணும்படி, காடிலாக் கார் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்ட் கெட்டரிங்கைக் கேட்டுக்கொண்டார்.

என்ஜினைச் சுற்ற மிகப் பெரிய மோட்டார் வேண்டும், அது காரில் அடங்காது என்று பலர் நினைத்தார்கள். கெட்டரிங்கிற்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. அந்த மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை. சில நொடிகள்தான் ஓடுகிறது. அதனால் சின்ன மோட்டாருக்கே அதிக மின்சாரம் கொடுக்கலாம். சூடேறிக் கெடுவதற்குள் வேலை முடிந்துவிடும்!

1911-ல் அவர் வெற்றி பெற்றார். 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் ஹேண்டில் சுற்றாமலே கிளம்பின. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். விளக்குகளும் அதே மின்சாரத்தில் எரிந்தன. கை பலம் இல்லாதவர்களும் தனியாகக் கார் ஓட்ட முடிந்தது.

பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கேதான் ஒரு கெடுதலும் நடந்தது. என்ஜின் 'டக் டக்' என்று தட்டும் சத்தத்தை நிறுத்த, அவரது குழுவினர் 1921-ல் பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்த்தார்கள். சத்தம் நின்றது. ஆனால் ஈயம் நஞ்சு! 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அப்போதும் கெட்டரிங் அதை ஆதரித்தார். கார்ப் புகை வழியாக ஈயம் பல நாடுகளின் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். நம் நாட்டில் 2000-ல்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகம் முழுவதும் கார்களுக்கு அது நிற்க, 2021 வரை ஆயிற்று.

1958 நவம்பர் 25-ந் தேதி கெட்டரிங் காலமானார்.

இன்றைய காரில் பிரேக்கைக் கவனிக்க ஒரு குட்டிக் கணினி, காற்றுப்பையை விரிக்க ஒன்று எனப் பல கணினிகள் இருக்கின்றன. சில கார்கள் இணையத்தோடும் பேசுகின்றன. காருக்குள் பேட்டரியும் ஜெனரேட்டரும் மோட்டாரும் கூடி வேலை செய்ய, அன்றே வழி காட்டியவர் கெட்டரிங்தான்.

நாளை உங்களில் சிலர் இதுபோல் புதுக் கருவிகளைச் செய்வீர்கள். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யாருக்காவது கெடுதல் செய்யுமா என்றும் பாருங்கள். கெட்டரிங்கின் வாழ்க்கையில் இந்த இரண்டு பாடங்களும் இருக்கின்றன.