பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தொழுநோயாளிகளுக்கான கை, கால் சீரமைப்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். தொழுநோயில் விரல்கள் அழிவதற்கு வலி உணர்வு அற்றுப்போவதே முதன்மைக் காரணம் என்பதை நிறுவியவர்.

பிறப்பும் கல்வியும்

கொல்லிமலையில் (இன்றைய நாமக்கல் மாவட்டம்) பணியாற்றிய ஆங்கிலேயச் சமயப் பணியாளர்களான ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் இணையருக்குப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கொல்லிமலையில் காய்ச்சலால் இறந்தார். கட்டடத் தொழில் பயின்ற பின்னர், இலண்டனில் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார்.

வேலூர்ப் பணி

1946இல் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் பிடி மிக வலுவாக இருந்ததைக் கண்டார். கையின் எல்லாத் தசைகளும் செயலிழப்பதில்லை என்பதை இது உணர்த்தியது. நன்கு இயங்கும் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார்.

திசு அழிவு பற்றிய ஆய்வு

தொழுநோயாளியின் சதை தானாகவே அழுகி உதிரும் என்றும், அறுவைக்குப் பின் காயம் ஆறாது என்றும் அக்காலத்தில் நம்பப்பட்டது. பிராண்ட் செய்த அறுவைக் காயங்களோ இயல்பாக ஆறின. எனவே விரல்கள் குறைவதன் காரணத்தைத் தேடி, நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து கவனித்தார். அவர்கள் சூடான பாத்திரங்களை வெறுங்கையால் தூக்கினர். கால் புண்ணுடனே நடந்தனர். உறங்கும்போது எலி விரலைக் கடிப்பதையும் உணரவில்லை.

தொழுநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் லெப்ரே, திசுக்களை நேரடியாக அழிக்கும் வீரிய நச்சு எதையும் சுரப்பதாக அறியப்படவில்லை. நரம்புகளில் அது தங்குவதாலும், அதற்கு எதிரான உடலின் அழற்சியாலும் உணர்வு மறைகிறது. உணர்வற்ற தோலில் ஏற்படும் புண்களில் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் நுழைகின்றன. இவற்றின் ஆல்பா நச்சு உயிரணுச் சவ்வில் துளையிட்டு உயிரணுக்களைக் கொல்கிறது. வலி இன்மையால் புண் கவனிக்கப்படாமல், தொற்று எலும்பு வரை பரவி விரல் குறைகிறது.

ஆகவே காயத்தைத் தடுப்பதே மருத்துவத்தின் முதற்படி என்று பிராண்ட் கருதினார். பாதப் புண்களுக்கு மாவுக்கட்டு இட்டு ஓய்வளித்தார். அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான ரப்பர் காலணிகளை உருவாக்கச் செய்தார். நீரிழிவு நோயாளிகளின் பாதப் பாதுகாப்பிலும் இம்முறைகள் பின்னர் பயன்பட்டன.

பிற்காலம்

1960இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று பணியாற்றினார். இவருடைய மனைவி மார்கரெட் கண் மருத்துவர் ஆவார். பிராண்ட் 2003இல் சியாட்டில் நகரில் காலமானார்.