பள்ளியை விட்டவர் திறந்த பள்ளிகள்

நண்பர்களே, எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே மலருக்கு யாரைப் பற்றி எழுதலாம் என்று ரொம்ப யோசிக்கவில்லை. பெருந்தலைவர் காமராசர்தான்!

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை குமாரசாமி காலமானார். தாயார் சிவகாமி அம்மாள் எவ்வளவோ பாடுபட்டும் மகன் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தார். அப்புறம் காங்கிரஸ், 1930 உப்புச் சத்தியாகிரகம், சிறை. மொத்தத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தது.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். அப்போது பள்ளிகளில் பிள்ளைகள் அதிகம். கட்டடமும் வாத்தியாரும் குறைவு. இதற்கு 1953-ல் ராஜாஜி அரசு ஒரு வழி சொல்லியிருந்தது. கிராமப் பள்ளியை இரண்டு ஷிப்டு ஆக்குவது. பிள்ளைக்கு தினம் மூன்று மணி நேரப் படிப்பு. கணக்குப் பார்த்தால் நெரிசல் பாதியாகிவிடும். ஆனால் மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகணும். கொத்தனார் மகன் கையில் கரணைதான்! குலக்கல்வி என்று சொல்லி மக்கள் கொதித்தார்கள். காமராசர் அரசு 1954-லேயே அதைக் கைவிட்டது.

கைவிட்டால் நெரிசல் போய்விடுமா? போகாது. அவரோ கூட்டத்தை இன்னும் கூட்டினார்! 1956-ல் மதிய உணவு வந்தது. முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி பருப்பில் நடந்தது. பிறகு அரசும் பங்கு போட்டது. பசிக்குச் சோறு கிடைத்ததும் மாடு மேய்த்த பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள்.

அவர்களை எங்கே உட்கார வைப்பது? சின்னச் சின்ன ஊர்களிலும் பள்ளி திறந்தார். பல ஊர்களில் ஓராசிரியர் பள்ளிதான். ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் சமாளிப்பது கஷ்டம், குறைதான். ஆனால் பள்ளியே இல்லாத ஊருக்கு அந்த ஒருவர் வந்ததே பெரிசு.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை என்று ஒவ்வொரு பள்ளிக்கும் தேவையைப் பட்டியல் போட்டு ஊர் முன்னால் வைத்தார்கள். நிலம் உள்ளவர் நிலம் தந்தார், மற்றவர்கள் முடிந்ததைத் தந்தார்கள். சிவில் படிக்கிற எனக்கு இது நாம் போடுகிற எஸ்டிமேட் போலவே தோன்றுகிறது.

1963-ல் கட்சிப் பணிக்காகப் பதவியைத் தானே விட்டார். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மறைந்தார். 1976-ல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. சொத்து என்று எதுவும் சேர்க்கவில்லை.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து முதல் சம்பளம் வாங்கும்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போவோம். எந்த அறையில் பெஞ்சு போதவில்லை, எந்தச் சுவர் விரிந்திருக்கிறது என்று பார்த்து, நாமே ஒரு எஸ்டிமேட் போடுவோம். மாலை போடுவதைவிட அவருக்கு அதுதான் பிடிக்கும்.