ஜான் பௌல்பி: பிணைப்புசார் உளச்சிகிச்சைக்கு அடித்தளமிட்ட மருத்துவரின் வாழ்க்கை

குழந்தைப் பருவத்தில் தம்மைப் பேணியவர்களோடு ஒருவர் கொண்டிருந்த உறவு, பிற்காலத்தில் அவருடைய உறவுகளிலும் மனநலத்திலும் எவ்வாறு தொடர்கிறது என்பதைச் சிகிச்சையாளரின் துணையோடு ஆராயும் முறையே பிணைப்புசார் உளச்சிகிச்சை எனப்படுகிறது. இதற்கு அடிப்படையான கோட்பாட்டை வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த உளமருத்துவர் ஜான் பௌல்பி ஆவார். இச்சிகிச்சையை நாட எண்ணுவோர் அவரது வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுடையது. சிகிச்சையாளரிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பதற்கான விடை அதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது.

இளமைப் பருவம்

பௌல்பி 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை சர் ஆன்டனி பௌல்பி, அரச குடும்பத்திற்கு மருத்துவம் செய்த அறுவைச் சிகிச்சை வல்லுநர். ஆறு பிள்ளைகளுள் ஜான் நான்காமவர். அக்காலச் செல்வக் குடும்பங்களின் வழக்கப்படி பிள்ளைகளைச் செவிலித்தாயரும் பணிப்பெண்களுமே வளர்த்தனர். தாயை அவர்கள் நாள்தோறும் மாலைத் தேநீருக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே கண்டனர். மின்னி என்னும் இளம் பணிப்பெண்ணிடமே சிறுவன் ஜான் மிகுந்த பாசம் வைத்திருந்தான். அவனுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவர் வேலையை விட்டுச் சென்றார். அப்பிரிவு தாயை இழந்ததற்கு ஒப்பான துயரத்தைத் தந்தது என்று பௌல்பி முதுமையிலும் நினைவுகூர்ந்தார். பின்னர் விடுதிப் பள்ளியிலும், டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலும் பயின்றார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவ முன்படிப்பும் உளவியலும் கற்று 1928இல் பட்டம் பெற்றார். மருத்துவப் படிப்பைத் தொடராமல், நடத்தைச் சிக்கலுள்ள சிறுவர்களுக்கான பள்ளியொன்றில் சில காலம் பணியாற்றினார். அங்கிருந்த இருவர் அவர் மனத்தில் பதிந்தனர். ஒருவன் திருட்டுக்காக முந்தைய பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன், எவரிடமும் ஒட்டாதவன், தாய் என ஒருவரை நிலையாக அறியாதவன். மற்றவன் ஏழெட்டு வயதுச் சிறுவன். பௌல்பியை நிழல்போல் விடாது பின்தொடர்ந்தவன். குழந்தைகளின் உளமருத்துவமே தம் துறை என அவர் முடிவு செய்தது இக்காலத்தில்தான்.

கேட்கப்படாத தாய்

1933இல் மருத்துவராகத் தகுதி பெற்றபின் உளப்பகுப்பாய்விலும் பயிற்சி பெற்றார். குழந்தைகளுக்கான பயிற்சியில் அவரது மேற்பார்வையாளராக இருந்தவர் புகழ்பெற்ற மெலனி கிளைன். குழந்தையின் துன்பத்திற்கு அதன் உள்மனக் கற்பனைகளே முதன்மைக் காரணம் என்பது கிளைனின் கருத்து. பௌல்பி சிகிச்சை அளித்த சிறுவனின் தாய் கடும் பதற்றத்தில் இருந்தார். எனினும், அவரோடு உரையாடப் பௌல்பிக்கு அனுமதி வழங்கப்படவில்லை. சில மாதங்களில் அத்தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குழந்தையின் வாழ்வில் உண்மையாக நிகழ்பவற்றைப் புறக்கணித்துச் செய்யும் சிகிச்சை குறையுடையது என்னும் பௌல்பியின் எண்ணம் இந்நிகழ்வால் உறுதிப்பட்டது.

குழந்தைகள் வழிகாட்டு மருத்துவ நிலையத்தில் தாம் கண்ட 44 திருட்டுப் பழக்கமுள்ள சிறார்களைப் பற்றிய ஆய்வை அவர் 1944இல் வெளியிட்டார். அவர்களுள் 14 பேர் எவரிடமும் பாசம் காட்ட இயலாதவர்களாக இருந்தனர். அந்த 14 பேரில் 12 பேர், வாழ்வின் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட, திருட்டுப் பழக்கமற்ற 44 சிறார்களில் இருவரே அவ்வாறு பிரிந்திருந்தனர். விவரங்களைத் திரட்டியவரே முடிவுகளையும் வகுத்தார் என்பது இவ்வாய்வின் குறையே. ஆயினும், அவர் எழுப்பிய வினா நிலைபெற்றது.

மருத்துவமனைக் கதவுகள்

போருக்குப் பின், 1946இல், லண்டன் டேவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் குழந்தைகள் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அதன் பெயரைக் குழந்தைகள், பெற்றோர் பிரிவு என மாற்றினார். உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க, வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி அவர் அளித்த அறிக்கை 1951இல் வெளியாகிப் பல நாடுகளில் குழந்தைகள் இல்லங்களின் நடைமுறைகளை மாற்றத் தூண்டியது.

அக்காலத்தில் பிரிட்டன் மருத்துவமனைகள் பலவற்றில், சிகிச்சை பெறும் குழந்தையைப் பெற்றோர் காண்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. பௌல்பியின் உடன்பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாட்கள் மருத்துவமனையில் தங்க நேர்ந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். அழுகையை அடக்க முயன்று, மெல்ல மெல்ல ஒடுங்கிப்போகும் அக்குழந்தையை 1952இல் திரையில் கண்ட மருத்துவர்கள் பலர் சினமுற்றனர். பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்து அழும். பின்னர் நம்பிக்கை இழக்கும். இறுதியில் ஒட்டுதலற்றுப் போகும் என இருவரும் விளக்கினர். அமைதியாகக் கிடக்கும் குழந்தை தேறிவிட்டதாகவே அதுவரை எண்ணப்பட்டது. பெற்றோரின் வருகையைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என 1959இல் பிரிட்டன் அரசின் குழுவொன்று பரிந்துரைத்தது.

விலங்கு நடத்தையியலிலிருந்தும் பௌல்பி சான்றுகளைத் திரட்டினார். பாலுக்காக மட்டுமே குழந்தை தாயை நாடுகிறது என்னும் கருத்தை மறுத்தார். ஆபத்தில் அண்டியிருக்கவும், அச்சம் நீங்கியபின் துணிந்து வெளியே செல்லவும் உதவும் இயல்பூக்கமே பிணைப்பு என்றார். பிணைப்பு, பிரிவு, இழப்பு ஆகியவற்றைப் பற்றிய அவரது மூன்று தொகுதிகள் 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகள் தாயைச் சற்றே பிரிந்து மீண்டும் சேரும்போது நடந்துகொள்ளும் விதத்தை நோக்கிப் பிணைப்பின் வகைகளைப் பிரித்தறிந்தார். இன்று பரவலாகக் காணப்படும் சில நிமிட வினாப்பட்டியல்கள் இத்தகைய நுண்ணிய நோக்கலுக்கு ஈடாகா. அவை நோயறிதலும் ஆகா.

பௌல்பியின் கருத்துகள் மறுப்பையும் சந்தித்தன. தாயின் மீதே முழுப் பொறுப்பையும் சுமத்துகிறார் எனப் பெண்ணியர் கண்டித்தனர். பிரிவு, பிணைப்பே உருவாகாமை, குடும்பப் பூசல் ஆகியன வெவ்வேறு விளைவுகளைத் தருபவை என 1972இல் மைக்கேல் ரட்டர் எடுத்துக்காட்டினார். தந்தை, பாட்டி முதலிய பலரோடும் குழந்தை பிணைப்புக் கொள்ளக்கூடும் என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது.

சிகிச்சையும் சிகிச்சையாளரும்

1988இல் வெளியான நூலில் சிகிச்சையாளரின் பணிகளைப் பௌல்பி தொகுத்துரைத்தார். துன்பமான நினைவுகளை ஆராயத் துணிவதற்குரிய பாதுகாப்பான தளமாகச் சிகிச்சையாளர் விளங்க வேண்டும். சிகிச்சை பெறுபவரின் இன்றைய உறவுகளையும், சிகிச்சையாளரோடு அவர் கொள்ளும் உறவையும் இருவரும் சேர்ந்து ஆராய வேண்டும். அவற்றில் வெளிப்படும் எதிர்பார்ப்புகள் இளமை அனுபவங்களிலிருந்து வந்தவையா என்று காண வேண்டும். அன்று பொருந்திய எதிர்பார்ப்பு இன்றும் பொருந்துகிறதா எனச் சிகிச்சை பெறுபவரே எண்ணிப் பார்க்க வழிசெய்ய வேண்டும்.

எனவே, சிகிச்சையாளரைத் தேர்வோர், அவரது கல்வித் தகுதியையும் உரிய அமைப்பில் பெற்ற பதிவையும் முதலில் சரிபார்த்தல் வேண்டும். பிணைப்புசார் முறையில் எங்கு, யாருடைய மேற்பார்வையில் பயின்றார் எனக் கேட்பதில் தவறில்லை. நேரம், கட்டணம், இரகசியக் காப்பின் எல்லை ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். விடுப்பில் செல்வதை முன்கூட்டியே தெரிவிப்பாரா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றலாம்; பிரிவுத் துயரோடு வருபவருக்கு அது சிறியதன்று. குழந்தைக்கான சிகிச்சையாயின், பெற்றோரையோ வளர்ப்போரையோ சந்திக்க மறுப்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

இதே பெயரைத் தாங்கிய தீங்கான முறைகளும் உண்டு. குழந்தையை வலிந்து அழுத்திப் பிடித்தல், போர்வையில் சுற்றி இறுக்குதல் போன்ற செயல்கள் சில இடங்களில் பிணைப்புச் சிகிச்சை என்ற பெயரில் நடத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பத்து வயதுச் சிறுமியொருத்தி இவ்வாறு மூச்சுத்திணறி உயிரிழந்தாள். பௌல்பியின் கோட்பாட்டில் இவற்றிற்கு இடமில்லை. வற்புறுத்தலைச் சிகிச்சையாக முன்வைப்பவரிடமிருந்து உடனே விலகுதல் வேண்டும்.

இறுதி ஆண்டுகள்

ஓய்வு பெற்ற பின்னும் பௌல்பி எழுதுவதை நிறுத்தவில்லை. இறுதி நூலாக அவர் எழுதியது சார்லஸ் டார்வினின் வாழ்க்கை வரலாறு. எட்டு வயதில் தாயை இழந்த டார்வினின் வீட்டில் அவ்விழப்பு பேசப்படாமலே போனதையும், அவரை நெடுங்காலம் வாட்டிய உடல்நலக் குறைவையும் பௌல்பி அந்நூலில் தொடர்புபடுத்தினார். நூல் வெளிவந்த 1990ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 2ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் தமது 83ஆம் வயதில் அவர் காலமானார்.