தாகூர் நாடகத்தில் ஆதரவற்ற குழந்தைகளை நடிக்க வைத்த போலந்து மருத்துவர்: யானுஷ் கோர்ச்சாக் வாழ்க்கை வரலாறு

பயத்தையும் துயரத்தையும் நேரடியாகச் சொல்லத் தெரியாத குழந்தைகள், வேறொருவராக நடித்து விளையாடும்போது அவற்றை எளிதில் வெளிப்படுத்துகின்றனர். இன்றைய விளையாட்டுவழி உளச் சிகிச்சையின் அடிப்படை இதுவே. இதே நம்பிக்கையுடன், 2-ஆம் உலகப் போரின்போது மரணத்தின் விளிம்பில் இருந்த குழந்தைகளை ரவீந்திரநாத் தாகூரின் நாடகத்தில் நடிக்கச் செய்தவர் போலந்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்.

வார்சா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் ஜூலை 22-ஆம் தேதி அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இருவேறாகக் குறிப்பிடப்படுகிறது. இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். கோர்ச்சாக் என்பது அவர் எழுத்துலகில் சூட்டிக்கொண்ட புனைபெயர்.

மருத்துவராகப் பணியாற்றிவந்த அவர், 1912-இல் வார்சாவின் குரோக்மால்னா தெருவில் யூதக் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா அவருக்குத் துணை நின்றார். அந்த இல்லத்தில் குழந்தைகளே நடத்தும் நீதிமன்றம் இருந்தது. சக குழந்தைகள் மீது மட்டுமின்றி ஆசிரியர்கள் மீதும் அங்கு புகார் அளிக்கலாம். கோர்ச்சாக்கும் அந்த நீதிமன்றத்தின் முன் நின்றுள்ளார். குழந்தைகளே எழுதும் பத்திரிகையை 1926-இல் அவர் தொடங்கினார். குழந்தையின் சொல்லுக்குப் பெரியவர்கள் செவிசாய்க்க வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் கொள்கையாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், லண்டனில் குழந்தைகள் நல மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1928-இல் தொடங்கிய சிகிச்சை மையத்தில், மணல் தட்டும் சிறு பொம்மைகளும் கொண்டு குழந்தைகள் தங்கள் மன உலகைக் காட்டும் முறை உருவானது.

போலந்தை நாஜி ஜெர்மனி ஆக்கிரமித்த பின்னர், 1940-இல் கோர்ச்சாக்கின் இல்லம், யூதர்களை மதில் எழுப்பி அடைத்து வைத்த 'கெட்டோ' பகுதிக்கு மாற்றப்பட்டது. 4 லட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கியடிக்கப்பட்ட அங்கு பசியும் நோயும் நாள்தோறும் உயிர்களைப் பறித்தன.

இந்நிலையில், 1942 ஜூலை 18-ஆம் தேதி இல்லத்தின் குழந்தைகள் தாகூரின் 'டாக் கர்' (தபால் நிலையம்) நாடகத்தை அரங்கேற்றினர். நோயுற்று, வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்ட அமல் என்ற சிறுவனே அதன் நாயகன். ஜன்னலருகே அமர்ந்து தயிர் விற்பவர், காவலாளி, பூப்பறிக்கும் சிறுமி என வழிப்போக்கர்களுடன் பேசி மகிழும் அவன், தானும் தயிர் விற்பவனாகத் திரிவதாகக் கற்பனை செய்கிறான். அரசரின் கடிதத்துக்காகக் காத்திருந்து, இறுதியில் அமைதியாக உறங்கிப்போகிறான்.

மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகளின் நிலையும் அமலின் நிலையும் ஒன்றாகவே இருந்தன. தங்களுக்கு நேரவிருப்பதை யாரும் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல இயலாத சூழலில், அச்சமின்றி மரணத்தை எதிர்கொள்ளக் குழந்தைகளுக்கு உதவவே அந்த நாடகத்தை கோர்ச்சாக் தேர்ந்தெடுத்ததாகக் கூறப்படுகிறது. மேடையில் நடித்தவர்கள் மறுநாளும் அதே வேடங்களில் தொடர்ந்தால் எவ்வாறிருக்கும் என்று அவர் தமது நாட்குறிப்பில் சிந்தித்துள்ளார்.

நாடகம் நடந்த 4-ஆம் நாள், ஜூலை 22-ஆம் தேதி, கெட்டோவிலிருந்து மக்களைக் கொலை முகாமுக்கு அனுப்பும் நடவடிக்கை தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கோர்ச்சாக்கின் இல்லத்தில் இருந்த சுமார் 200 குழந்தைகளும் ரயிலில் ஏற்றப்பட்டனர். தப்பிச் செல்ல நண்பர்கள் உதவ முன்வந்தபோதும் அவர் குழந்தைகளைவிட்டுப் பிரிய மறுத்துவிட்டார். அவரும் வில்சின்ஸ்காவும் குழந்தைகளுடனேயே ட்ரெப்ளிங்கா முகாமில் உயிரிழந்தனர்.

ஐ.நா. பொதுச் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை முதலில் முன்மொழிந்த நாடு, கோர்ச்சாக் பிறந்த போலந்து. குழந்தை தன் கருத்தைத் தெரிவிக்கவும் விளையாடவும் உள்ள உரிமைகளை அந்த உடன்படிக்கை உறுதி செய்கிறது.